முந்தும் கால்

மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் காலை லோக்கலில் உட்கார இடம் கிடைக்கும், சார். கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம், சென்னைக்குப் போகிற வண்டியில்தான். ஆறு வருடமாக நானும் ஜோஷ்வாவும் எதிரெதிரே உட்கார்ந்துதான் வேலைக்குப் போனோம். அவன் வாயும் சும்மா இருக்காது, விரலும் சும்மா இருக்காது. சாப்பாட்டுப் பையை மடியில் சாய்த்து வைத்து, இடது கையால் கிட்டார் வாசித்துக்கொண்டே வருவான்.

நான் அந்தக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். அவன் பிரஸ் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். நாற்பது டன் எடை மேலிருந்து இறங்கித் தகட்டை வளைக்கும். குரங்கைப் பழக்கினால் அதுவும் செய்யும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் நான் கீபோர்டு, அவன் கிட்டார். பதினாறு வருடமாக அங்கே புல்லாங்குழல், வயலின், வீணை எல்லாம் என் கீபோர்டிலிருந்துதான் வந்தன.

போன வருடம் ஈஸ்டர் முடிந்ததும் அவன் ஒரு கிட்டார் சிந்த் வாங்கினான். காலடியில் வைக்கிற பெட்டி. ஒரு பட்டனை மிதித்தால் கிட்டார் கம்பியிலிருந்து புல்லாங்குழல் வரும், இன்னொன்றை மிதித்தால் வயலின். ஒவ்வொரு சத்தத்துக்கும் பேட்ச் என்று பெயர். சபையே வாயைப் பிளந்தது. ஆனால் பேட்ச் மாறும்போது அந்தப் பெட்டி அரை செகண்டு ஊமையாகிவிடும். பாட்டுக்கு நடுவில் ஓட்டை. அது யாருக்கும் தெரியவில்லை. ஆமென் சொல்வதிலேயே ஒரு வரி பின்தங்குகிற ஜனங்களுக்கு அரை செகண்டு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது.

"அண்ணே, நான் மாத்தசொல்ல நீ ஒரு கார்டு புடிச்சிக்கோ. அந்த ஓட்ட வெளிய தெரியாது," என்றான்.

அதாவது, பதினாறு வருடம் வாசித்தவன் மூன்று நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, அவனுடைய அரை செகண்டுக்கு ஒட்டுப் போட வேண்டும். போட்டேன். நான் யாரிடமும் சண்டை பிடிக்கிறவன் இல்லை.

அந்தக் கோளாறுக்கு வழி உண்டு. இரண்டு சத்தத்தையும் ஒரே பேட்ச்சுக்குள் வைத்துவிட்டு, பெடலை அழுத்த அழுத்த ஒன்று குறைந்து மற்றது ஏறும்படி செய்தால் பேட்ச்சை மாற்றவே தேவையில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. அவன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் வாங்கிப் போய் இரண்டே நாளில் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னாண்ணே, எதுனா வழி போட்டுக்கீதா?" என்று ரயிலில் கேட்டான்.

"ஒரே வழிதான். கால முந்தி வெய்யி. வெரலு பழைய நோட்ல இருக்கசொல்லவே மிதிச்சிடு."

இதைப் பொய் என்று சொல்ல முடியாது. அப்படிச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவன் நம்பினான். ரயிலிலேயே பழக ஆரம்பித்தான். விரல் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கும். கால் அடுத்ததை மிதித்துவிடும். நான் கைதட்டித் தாளம் எண்ணிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் அவன் கால் கையைக் கேட்காமலேயே முந்திப் போகப் பழகிவிட்டது.

கம்பெனியில் இது என்ன செய்யும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆகஸ்டிலிருந்து அவன் மெஷின் அடிக்கடி நின்றது. கை உள்ளே இருக்கும்போதே கால் பெடலை மிதித்துவிடும். பிரஸ்ஸின் வாயில் ஒரு சென்சார் உண்டு. கை குறுக்கே இருந்தால் மெஷினை இறங்க விடாது. ஷிஃப்டுக்கு நாலு தடவை, ஐந்து தடவை இப்படி நிற்கும். நான் போய்த் திரும்ப ஓட விட வேண்டும்.

"யோவ் இம்மானுவேல், சென்சார் பேஜார் பண்ணுது. இன்னான்னு பாருய்யா," என்று சூப்பர்வைசர் சந்திரமோகன் கத்துவார்.

சென்சார் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக வேலை செய்தவை இரண்டுதான், அந்தச் சென்சாரும் நானும். ஜோஷ்வாவின் காலைப் பற்றி அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த மண்டைக்குள் ஏறியிருக்காது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. நீளமான பாட்டு, ஏழு இடத்தில் சத்தம் மாற வேண்டும். ஏழு இடத்துக்கும் நான் கார்டு தயாராக வைத்திருந்தேன். முதல் இடம் வந்தது. கிட்டார் அப்படியே வழுக்கிப் புல்லாங்குழலாகிவிட்டது. ஓட்டை இல்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. விரல்களைக் கட்டைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நான் வாசிக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆராதனை முடிந்து, வெளியே காணிக்கையாக வந்த பூசணிக்காயும் வாழைத்தாரும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. ஜோஷ்வாவின் மனைவி கிரேஸ் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"அந்த புக்க நான்தாண்ணே படிச்சி சொன்னேன். ரெண்டு சவுண்டயும் ஒண்ணா வச்சிக்கலாம்னு போட்டுக்கீது. இனிமே உங்களுக்கு செரமம் இல்ல."

சிரமம் என்று நான் யாரிடமாவது சொன்னேனா? பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதினவள் எனக்குச் சிரமம் குறைக்கிறாள். பக்கத்தில் நின்ற ஜோஷ்வா, யாரோ ஒருவர் அவன் தோளைத் தட்டிப் பாராட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவன் மெஷின் மறுபடி நின்றது. "எதுனா பண்ணித் தொலைய்யா, லைன் நிக்கக் கூடாது," என்றார் சந்திரமோகன். பண்ணினேன். கை குறுக்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெஷின் இறங்கும்படி பேனலுக்குள் ஒரு துண்டு வயரைப் போட்டேன். பேனலை மூடி நாலு ஸ்குரூவையும் ஒழுங்காக முடுக்கினேன். லைன் ஓடியது. சந்திரமோகன் டீ வாங்கிக் கொடுத்தார்.

"சென்சார் சரியாயிடுச்சிடா," என்று ஜோஷ்வாவிடம் சொன்னேன். "தேங்க்ஸ்ண்ணே," என்றான்.

பெட்டியைத் திருத்த ஒரு நாள் போதும். கால் இரண்டு நாளில் திருந்தாது. அது எனக்குத் தெரியும். நான் பழக்கிய கால். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் நடந்துவிட்டது. இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

உங்கள் விபத்து விசாரணை அறிக்கையில், உற்பத்தி அவசரத்தில் சந்திரமோகன் சென்சாரைத் துண்டிக்க வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் வந்தேன். அவர் மேல் இரக்கப்பட்டு வரவில்லை. டார்ச் லைட்டுக்கு பேட்டரி போடத் தெரியாத ஆள் அவர். நான் யோசித்துச் செய்த வேலை அவர் பெயரில் ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. தயவுசெய்து பொறாமை என்றும் எழுதிவிடாதீர்கள். தாளத்தில் ஓட்டை விடுகிறவனுக்கு வாத்தியம் எதற்கு என்று நினைத்தேன், அவ்வளவுதான். ஓட்டைதான் அடைபட்டுவிட்டதே என்று கேட்பீர்கள். அது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கிரேஸ் அழுதாள். அவன் அழவில்லை. கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, சபையைப் பற்றித்தான் பேசினான்.

"கிறிஸ்மஸ் வருது. நீதாண்ணே எல்லாத்தியும் வாசிக்கணும். நீ இல்லன்னா நம்ம சபைல பாட்டே இல்லண்ணே."

ஆரஞ்சை உரித்து அவன் வலது கையில் வைத்தேன். இந்த ஒரு வார்த்தையை ஞாயிற்றுக்கிழமையே அவன் சொல்லியிருந்தால், செவ்வாய்க்கிழமை நான் அந்தப் பேனலைத் திறந்தே இருக்க மாட்டேன், சார்.