தோற்றிருக்கலாம்

குறொன்லாண்ட் கடைத்தெருவில் மூன்றாவது கடையிலும் வேலை இல்லை என்றார்கள். அங்கிருந்து நடந்துவந்து எல்லிங்ஸ்ருட் போகும் ரயிலில் ஏறினேன். எதிரே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

“அவன் தோத்திருக்கலாம்,” என்றார் தாய்.

“அம்மா, அண்ணா அயர்லாந்திலை கவுண்டி கவுன்சில் எலெக்சன் வெண்டிருக்கிறான். எல்லாரும் வாழ்த்துகினம்.”

“வாழ்த்தினவை காவலுக்கு நிப்பினமே?”

தாயே தொடர்ந்தார்.

“கம்பத்திலை கட்டின தன்ரை படங்களை ஏழு நாளைக்குள்ளை கழட்டவேணுமாம், அங்கத்தைச் சட்டம். இண்டைக்குத் தனியப் போயிருக்கிறான். மூண்டு படத்திலை ஆரோ கண்ணைச் சிகரெட்டாலை சுட்டிருக்கினம்.”

“ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“நீ குளியலறைக்குள்ளை நிண்டு அவனோடை கதைச்சது கேட்டது. இப்ப ரெண்டு மணித்தியாலமா அடிக்கிறன், போன் எடுக்கிறானில்லை.”

“ஏணியிலை நிக்கிறவன் எப்பிடியம்மா எடுப்பான்?” என்று மகள் சிரித்தாள். பிறகு தன் கைபேசியை எடுத்து அவளும் அழைத்தாள். காதில் வைத்தபடியே இருந்தாள். இறங்கும்போதும் அப்படியே இறங்கினாள்.

மறுநாள் காலை ஸ்ட்ரோம்மனில் கடைக் கண்ணாடி துடைக்கும் வேலை கிடைத்தது. ஏணியில் ஏறி நின்று துடைத்தேன். பின்னால் யாராவது நடந்துவந்தால், அவர் கடந்து போகும்வரை துடைப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.