உட்கார்ந்து எழும் பயிற்சி

— சீ, அந்த ஆஸ்பத்திரிப் பாய்ல நான் உட்கார மாட்டேன். எத்தனை பேரோட வேர்வை ஊறிக் கிடக்குதோ. ஓட்டல் சலவையில இருபது வருஷமா இருக்கேன் தம்பி, துணி வாசனையை வச்சே படுத்துட்டுப் போனவன் எப்படிப்பட்டவன்னு சொல்லிடுவேன்.

— தினமும் மருந்து போட்டுத் துடைக்கிறோம்க்கா. சரி, நீங்க நின்னுக்கோங்க. பயிற்சி அண்ணனுக்குத்தானே. அண்ணே, நாற்காலியில சாயாம உட்காருங்க. போன தடவை சொன்னீங்களே, காய்ச்சல் வந்து எட்டு மாசம்தானே?

— ஆமா தம்பி, எட்டு மாசம். ஸ்கூல் வேன் ஓட்டிட்டு இருந்தேன். இப்ப ஸ்டியரிங்கைப் பிடிச்சா ரெண்டு தெரு தாண்டறதுக்குள்ள நெஞ்சு அடைக்குது.

— ரெண்டு தெருவாம்! கக்கூசுக்குப் போயிட்டு வந்தாலே மூணு மணி நேரம் படுக்கை. போர்வையை உருவித் துவைக்கக்கூட விடமாட்டேங்கிறாரு. தலைமாட்டுல சளி துப்புற டப்பா வேற. பக்கத்துல போனாலே குமட்டுது.

— புருஷனைப் பார்த்தா குமட்டுதுன்னு மைக் வச்சுச் சொல்லேன்.

— வேற எப்படிச் சொல்றது, மணக்குதுன்னா?

— அக்கா, ஒரு நிமிஷம். அண்ணே, இந்தக் கிளிப் விரல்லயே இருக்கட்டும். நாடித்துடிப்பு, ஆக்சிஜன் ரெண்டையும் காட்டும். கையைக் குறுக்கே கட்டிக்கிட்டு எழுந்திருங்க. மெதுவா. ஒண்ணு. உட்காருங்க. ரெண்டு. வாயைக் குவிச்சு மூச்சை ஊதுங்க. மூணு.

— எச்சில் தெறிக்குது, கர்மம்.

— நாலு. போதும்ண்ணே. இன்னைக்கு இவ்வளவுதான்.

— நாலா? நாலு தடவை எழுந்து உட்காரவா ரெண்டு பஸ் மாறி வந்தோம்? விரட்டி வேலை வாங்குங்க தம்பி. சோம்பல் எலும்புக்குள்ள போயிடுச்சு இவருக்கு.

— விரட்டவே கூடாதுக்கா. களைப்பு வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடணும். தாண்டினா மறுநாள் உடம்பு கீழே தள்ளிடும். போன வாரம் அண்ணன் வீட்ல யாருக்கும் தெரியாம அம்பது தடவை செஞ்சிருக்காரு, போன்ல என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. அதான் மூணு நாள் எழுந்திருக்கவே முடியல.

— அம்பதா? எதுக்குங்க?

— உன் மூஞ்சியைப் பார்த்துத்தான். சாப்பாட்டுத் தட்டை வைக்கிறப்போ மூக்கைச் சுருக்குறியே. செத்த எலியை வாரிப் போடற மாதிரி. எப்படியாவது எழுந்து நின்னுடணும்னு தோணுச்சு.

— எனக்கும்தான் வந்துச்சு, உங்களுக்கு வந்த அதே வாரம், அதே காய்ச்சல். மூணாம் நாளே எந்திரிச்சு வேலைக்குப் போயிட்டேன். உடம்பைக் கொஞ்சினா இப்படித்தான். நகருங்க, எப்படிச் செய்யறதுன்னு நான் காட்டுறேன். தம்பி, அந்தக் கிளிப்பை எனக்கு மாட்டுங்க.

— வேணாம்க்கா.

— மாட்டுங்கன்னா மாட்டுங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. பார்த்துக்கோங்க. நாலு. அஞ்சு. ஆ... ஆறு.

— அக்கா, நிறுத்துங்க.

— ஏ... ஏழு...

— நிறுத்துங்கக்கா! உட்காருங்க. அண்ணே, தோளைப் பிடிச்சுக்கோங்க. ஊதுங்க, மெதுவா ஊதுங்க. நாடி நூத்தி ஐம்பத்தெட்டு. ஆக்சிஜன் எண்பத்தேழு. அண்ணனுக்கு ஒருநாளும் இவ்வளவு இறங்கினதில்லை.

— மெஷின்... கெட்டுப் போயிருக்கும்.

— மெஷினுக்கு ஒண்ணுமில்ல. உங்க உதட்டுல ரத்தமே இல்ல. டாக்டரை இங்கேயே வரச் சொல்றேன், அசையாதீங்க. எத்தனை மாசமா இதை வச்சுக்கிட்டு ஈரத்துணி தூக்குறீங்க?

— ஏய், இங்க பாரு. வேலைவிட்டு வர்றப்போ மாடிப்படியில பாதியில நின்னுடுவியே. கேட்டா, கீழ்வீட்டம்மாகிட்ட பேசிட்டு இருந்தேம்பியே.

— அந்தம்மா வீடு மாறிப் போயி ஆறு மாசம் ஆச்சு.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதை விட்டுட்டு என்னைப் பார்த்து ஏண்டி அப்படி அருவருத்தே?

— பின்ன என்னங்க செய்வேன்? நீங்க படுத்திருக்கிறதைப் பார்க்கிறப்பல்லாம் பக்கத்துல போய் விழுந்துடலாம் போல இருக்கும். விழுந்தா எந்திரிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.