பாகூர்ச் சாலையை முன்னே வைத்த பெருந்தகைக்கு

சாலைப் பணியின் சால்பே! சலியாத உழைப்பின் சான்றே! மண்ணையும் மனிதரையும் ஒருங்கே மதித்த மாண்பே! எங்கள் சாலைப் பிரிவின் தலைவர் உயர்திரு தெய்வசிகாமணி அவர்களே, வணக்கம்!

பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் கீழ்ப் பணியேற்று, இந்திய மூவண்ணக் கொடியின் கீழ் ஓய்வு பெறும் பெரியீர்! எந்தச் சாலைக்கு முதலில் அரசு நிதி என்ற கேள்வி ஆண்டுதோறும் எழும்போது, உங்கள் அறை வாசலில் சிபாரிசுகள் வரிசை கட்டும். நீங்களோ ஐப்பசி அடைமழையில் எங்களையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். பாரவண்டிகள் எங்கே அதிகம் சிக்குகின்றனவோ அங்கேதான் முதல் நிதி. இதுவே உங்கள் சட்டம். எங்களுக்குச் சளி பிடித்ததே தவிர உங்கள் பிடி தளரவில்லை!

புதுச்சேரி விடுதலைக்கு அடுத்த ஆண்டு அந்தச் சட்டமும் சற்றே சறுக்கிற்று. நம் எல்லையும் சென்னை மாநில எல்லையும் பின்னிக் கிடக்கும் பாகூர்ச் சாலையில், பழைய பழக்கத்தில், நம் ஊர் வண்டிகளை மட்டுமே எண்ணினோம். சீமான்கள் குடியிருக்கும் கடற்கரை வீதி முந்தும்போல் இருந்தது. தவளக்குப்பத்தருகே சேற்றில் சிக்கிய நெல் வண்டி ஒன்றை எல்லோரும் சேர்ந்து தள்ளி ஏற்றினோம். பிறகு ஊரைக் கேட்டு, "சென்னை வண்டி, எண்ணாதே" என்றீர்கள். வண்டிக்குரிய குஞ்சம்மாள் விடவில்லை, பிரெஞ்சுத் துரையை அழைப்பதுபோல் அழைத்துக் கேட்டார்: "தள்றப்போ எந்த ஊருன்னு கேக்கலியே முசியே, எண்றப்போ மட்டும் எதுக்கு?" வாய்விட்டுச் சிரித்தீர்கள். மறுநாளே எல்லா வண்டிகளையும் எண்ணச் செய்து, பாகூர்ச் சாலையை முன்னே வைத்தீர்கள். சீமான்கள் சீறினார்கள், நீங்கள் சிறிதும் அசையவில்லை.

ஆனால் நீங்கள் குடியிருக்கும் தேங்காய்த்திட்டு? அங்கே மீன் கூடைகள் பெண்களின் தலையில் போயின, வண்டிகள் குறைவு. ஆகவே அந்தச் சாலை ஆண்டுதோறும் பின்னே நின்றது. "பெரிய ஆபீசராம், சொந்த ஊருக்கு ஒரு கூடை ஜல்லி போடல" என்று அக்கம்பக்கத்தார் முகம் திருப்பினார்கள். உங்கள் துணைவியார் சுலோசனா அம்மையார் அந்தச் சேற்றில் வழுக்கிக் கையொடிந்தபோதும் நீங்கள் வரிசையை மாற்றவில்லை. எங்களுக்குக் கோபம் வந்தது ஐயா, மறைப்பானேன்!

இந்த ஐப்பசியில் மீன்வண்டிகள் பெருகி, சிக்கிய வண்டிகளின் கணக்கில் தேங்காய்த்திட்டே முந்திற்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நான் போற வருஷம் பாத்து எங்க ஊரா? வேணாம்பா, பேரு கெட்டுடும். ரெண்டாவதா போடுங்க."

முதன்முறையாக உங்கள் சொல்லை மீறினோம். உங்கள் சட்டத்தைக் காக்க உங்களையே எதிர்த்தோம்! நிதியும் ஒப்புதலாகிவிட்டது.

நேர்மையின் நிலைக்களனே! நோயற்று, நிறைவுற்று, துணைவியாரோடு நீடு வாழ்க! நாளை காலை உங்கள் தெருவில் வேலை தொடங்குகிறது. மேற்பார்வை பார்க்கிறேன் என்று எழுந்து வந்துவிடாதீர்கள், ஐயா. சாலை முடிந்ததும் முதலில் அம்மையார் நடந்து பார்க்கட்டும். சரியா, இல்லையா என்று அவரே சொல்லட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
சாலைப் பிரிவு ஊழியர்கள்
புதுச்சேரி, 30-12-1961