தன்மை ஒருமை

இல்லப்பா ரிக்கி, பதினஞ்சு இல்ல. என் பொண்ணு கமீல் பயிற்சி முகாம்லேருந்து பேசினது அக்டோபர் பதினாலு, செவ்வாய்க்கிழமை. காலையில தரையெல்லாம் உறைபனி, பத்து மணிக்கு மேல சின்னத் தூறல், ஆத்துப் பக்கமிருந்து காத்து. ஊரே பதினஞ்சுன்னு சொல்லுதுங்கறதுக்காக அது பதினஞ்சு ஆயிடாது. தேதியைத் தப்பாச் சொல்றவன் மிச்சத்தையும் தப்பாத்தான் சொல்லுவான். சரி, உக்காரு. பூட்ஸைக் கழட்டிட்டு உக்காரு, பனி உருகி சமையக்கட்டெல்லாம் தண்ணி.

உன் பையன் கோல்பியும் அங்கேருந்து போன்ல அழுதான்னு வாசல்லயே சொல்லிட்டே. அது தெரியுது. என்ன சொல்லி அழுதான்? வார்த்தையைச் சொல்லு. ம். வீட்டுக்கு வரணும்னு. அப்புறம்? சார்ஜன்ட் போனை வாங்கி, நாளைக்குக் காலையில இன்னொரு தடவை பேச விடறேன், அதுக்குள்ள தகப்பனா ஒரு நல்ல வார்த்தை யோசிச்சு வைங்கன்னாரா. நல்லது. ஒரு ராத்திரி வீட்டுப்பாடம் குடுத்திருக்காரு.

எந்த வாக்கியம்? ஓ, நான் கமீலுக்குச் சொன்னேன்னு ஊர்ல சுத்துதே, அதுவா. எடுத்ததை முடிச்சுட்டு வா. அதை அவன்கிட்ட சொல்லிப் பாத்துட்டியா? இன்னும் ஜாஸ்தி அழுதானா? இருக்கும்.

தொனியா? இல்லப்பா, தொனியில ஒண்ணுமில்ல. நான் எப்படிச் சொன்னேன்னு கேக்கத்தானே இவ்வளவு பனியில வண்டி ஓட்டிட்டு வந்தே? சொல்றேன். அவசரப்படாதே. ஒன்பதாம் வகுப்புலயும் இப்படித்தான், கேள்வியை முழுசாப் படிக்காம விடை எழுத ஆரம்பிப்பே.

ப்ளாய் சாப்பிடு. மாவு கரைச்சு வச்சிருக்கேன். நீயே ஊத்து, கல்லு சூடாத்தான் இருக்கு. டேய், டேய், திருப்பாதே! நீ இந்தப் பள்ளத்தாக்குலதான் பொறந்தியா? மேல கண்ணு கண்ணா ஓட்டை விழுந்தா வெந்துடுச்சுன்னு அர்த்தம். ஒரு பக்கந்தான். உன் பொண்டாட்டி திருப்பித்தான் போடுவாளா? அவ வெளியூரு, பாங்கோர்க்காரி, அவளைச் சொல்லிக் குத்தமில்ல.

கோல்பி முகாமுக்குப் போய்ச் சேர்ந்த அன்னைக்கு உனக்கும் ஒரு போன் வந்திருக்குமே. சுவத்துல ஒட்டியிருக்கறதைப் பாத்துக் கத்தறது. பத்திரமா வந்து சேந்தாச்சு, திங்கற பொருள் எதுவும் அனுப்ப வேண்டாம், உங்கள் ஆதரவுக்கு நன்றி, போய் வருகிறேன், டொக். கமீலும் அதைத்தான் கத்தினா. ஆதரவுக்கு நன்றியாம். நான் ஆதரவே குடுக்கல. மரீன் படையில சேரப்போறேன்னு அவ சொன்னப்போ, மரீனுக்கு எழுத்துக் கூட்டிக் காட்டுன்னு மட்டும் சொன்னேன். ரேயால் பாவம், திங்கறதுக்கு எதுவும் வேணாமாமேன்னு ரெண்டு நாள் அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. பெத்த அப்பாவுக்கு அந்த ஒரு வரிதான் காதுல விழுந்திருக்கு.

அந்த முகாம்ல தன்மை கெடையாது, தெரியுமில்ல? தன்மைப்பா. தன்மை, முன்னிலை, படர்க்கை. நான்தானே உனக்கு நடத்தினேன்? நான், என்னை, எனக்கு, எதுவும் வாயில வரக்கூடாது. பயிற்சி முடியற வரைக்கும் எல்லாருக்கும் ரெக்ரூட்னுதான் பேரு. தாகமெடுத்தா, இந்த ரெக்ரூட்டுக்குத் தண்ணி வேணும். மூச்சு முட்டினாக்கூட படர்க்கையிலதான் முட்டணும். முப்பது வருஷம் மூணையும் கரும்பலகையில எழுதிப் போட்டவ நான். மூணுல ஒண்ணைத் தூக்கிட்டுப் பாடம் நடத்தற பள்ளிக்கூடத்தை அப்பதான் கேள்விப்பட்டேன்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமை. கிழங்கு தோண்டற கடைசி வாரம். பூமி இறுகறதுக்குள்ள மிச்ச வயலையும் எடுத்தாகணும், உனக்குத் தெரியாததா. ரேயால் விடியறதுக்கு முன்னாடியே மிஷினோட போயிட்டாரு. நான் இங்கதான், இதே நாற்காலி. போன் அடிச்சுச்சு. எடுத்தா ஒரு பொம்பளை சார்ஜன்ட். அந்தம்மா குரல், எண்ணெயே பாக்காத கீல் மாதிரி. உங்க பொண்ணு காலையிலேருந்து வரிசையில நிக்க மாட்டேங்கறா, பயிற்சி வேணாங்கறா, நீங்க பேசுங்க, அம்மா சொன்னா கேப்பாங்கறாங்க. என்ன சொல்லணும்னும் அவங்களே சொல்லிக்குடுத்தாங்க. பொறுமையா இரு, பெருமையா இருக்கு, அந்த மாதிரி.

கமீல் வந்தா. இந்த ரெக்ரூட் வீட்டுக்கு வரணும்னா.

எந்த ரெக்ரூட்னு கேட்டேன்.

சிரிக்காதே. நெஜமாவே தெரியல. அந்தக் குரல் எனக்குப் பழக்கமில்ல, கரகரன்னு, யாரோ மாதிரி. ரெக்ரூட் மிஷோங்கறா. நானும் மிஷோ, உங்க அப்பாவும் மிஷோ, தபால்காரனும் மிஷோ, எழுவாயைத் தெளிவாச் சொல்லுன்னேன். ஆமா, அப்படித்தான் சொன்னேன். பழக்கம். அப்புறம் அவ நான்னு ஆரம்பிச்சா. பின்னாலேருந்து அந்த சார்ஜன்ட் போட்ட சத்தத்துல எங்க நாய் மேசைக்கு அடியில போயிடுச்சு.

அப்பதான் அவ நம்ம பிரெஞ்சுல பேச ஆரம்பிச்சா.

நம்ம பிரெஞ்சைப் பத்தி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். வகுப்புல அதைப் பேசினதுக்கு உன்னை வெளியில நிக்க வச்சிருக்கேன். எத்தனை தடவைன்னு நீயே சொல்லு. சரி, விடு. பெயர்ச்சொல் பாட்டன் காலத்துது, வினைச்சொல் டிராக்டர் கம்பெனியோடது, அதுக்கு ஒரு பேரு பிரெஞ்சு. என் வீட்டுக்குள்ள விட்டதில்ல. கமீல் அவங்க அப்பாகிட்ட, கிழங்குக் கிடங்குல கத்துக்கிட்டா. என்கிட்ட அதுல பேசினா எனக்குக் காது கேக்காது. அதுதான் வீட்டுச் சட்டம்.

ஆனா கெட்டிக்காரி. தன்மை கூடாதுங்கற உத்தரவு ஆங்கிலத்துக்குத்தானே. பிரெஞ்சுல நான்னு சொல்லக்கூடாதுன்னு எந்தச் சுவத்துலயும் எழுதல. சொன்னா பாரு. எனக்குத் தூக்கமில்ல. என் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. கண்ணாடியில என்னைப் பாத்தா எனக்கே யாருன்னு தெரியல. என்னால முடியல, என்னைக் கூட்டிட்டுப் போ. ஒரே மூச்சுல. வேற்றுமை உருபு ஒண்ணுகூடத் தப்பில்ல.

நானும் பதில் சொன்னேன். அதே பிரெஞ்சுலதான். ஆமா, நான்தான். நம்பினா நம்பு. ரெண்டே வாக்கியம். லைன் கட்டாயிடுச்சு.

அந்த சார்ஜன்ட், உங்க அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டிருக்காங்க. அவங்களுக்கு ஒரு எழுத்தும் புரியலையே. கமீல் நிமிந்து நின்னு ஆங்கிலத்துல சொன்னாளாம், எடுத்ததை முடிச்சுட்டு வான்னு இந்த ரெக்ரூட்டோட அம்மா சொல்றாங்கன்னு. சொல்லிட்டுத் திரும்பி நேரா வரிசையில போய் நின்னுட்டா. சார்ஜன்ட் இங்க படைக்கு ஆள் சேக்கறவன்கிட்ட சொல்ல, அவன் பாதிரியார்கிட்ட சொல்ல, பாதிரியார் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல வச்சுட்டாரு. அதுலேருந்து கடைக்குப் போனா எல்லாரும் எனக்கு வழி விடறாங்க. மளிகைக்காரன் என் முன்னாடி விறைப்பா நிக்கறான்.

அது அவ சொன்ன வாக்கியம், ரிக்கி. என்னோடது இல்ல.

நான் சொன்னதா? அப்பாகிட்ட இப்பவே சொல்றேன், நாங்க கெளம்பிட்டோம். வியாழக்கிழமை காலையில முகாம் வாசல்ல வந்து நில்லு. அவ்வளவுதான்.

ஏன் இப்படிப் பாக்கறே? ப்ளாய் ஆறுது.

வயலுக்குப் போய் ரேயால்கிட்ட சொன்னேன். மிஷினை நடு வயல்ல நிறுத்திட்டு, கையைக் கழுவாமலே வண்டியில ஏறிட்டாரு. போற வழியில, நீ நம்ம பிரெஞ்சு பேசினியான்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு. பேசாம ஓட்டுங்கன்னேன். ஹூல்டன் தாண்டறப்போ ஆள் சேக்கறவன் கூப்பிட்டான். உங்க பொண்ணு பயிற்சிக்குத் திரும்பிட்டா, அருமையாப் பேசியிருக்கீங்கன்னான். நன்றின்னேன். வேற என்ன சொல்றது? பெட்ரோல் பங்க்குல நிறுத்திக் காப்பி குடிச்சோம், திரும்பினோம். ரேயால் இருட்டறதுக்குள்ள இன்னும் நாலு வரிசை எடுத்துட்டாரு.

டிசம்பர்ல, பயிற்சி முடிஞ்ச அணிவகுப்புக்குப் போனோம். அந்த சார்ஜன்ட் வந்து என் கையைப் புடிச்சு, எத்தனையோ அம்மா பேசிக் கேட்டிருக்கேன், உங்கள மாதிரி யாரும் பேசலன்னாங்க. கமீல் ஆங்கிலத்துல என்ன சொன்னான்னும் சொன்னாங்க, ஊர்ல சுத்தின வாக்கியம் எங்கேருந்து வந்துச்சுன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. நான் கமீலைப் பாத்தேன். அவ கொடிக்கம்பத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறா. அப்புறம் தனியா இருக்கறப்போ கேட்டேன், ஏண்டி, நான் சொன்னதை நீ ஏன் மாத்திச் சொன்னேன்னு. அதான் வரேன்னுட்டியேம்மா, அதுக்கப்புறம் அவசரம் இல்லாமப் போச்சுன்னா.

இப்ப வட கரோலினாவுல லாரி எஞ்சின் பிரிக்கக் கத்துக்கறா. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா, நேத்தும் கூப்பிட்டா. அதனால நாளைக்குக் கோல்பிகிட்ட என்ன சொல்றதுன்னு என்கிட்ட கேக்காதே. நான் சொல்லி அவ கேட்டான்னு ஊரே நெனைக்குது. கமீல் என் பேச்சைக் கேட்டதே இல்லப்பா. அன்னைக்கும் கேக்கல.