கிழக்கு பார்த்த குருவிப் பெட்டி

சிட்டுக்குருவிக்குப் பெட்டி செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சார். வாசலை ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் விடக்கூடாது. விட்டால் மைனா புகுந்துவிடும். முகப்பு கிழக்கே பார்க்க வேண்டும். வார்னிஷ் வாடையே ஆகாது. எல்லாம் எதிர்வீட்டு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தது. காலையில் அவர் வீட்டுத் தீனித்தட்டைச் சுற்றி ஒரே கச்சேரியாக இருக்கும். என் வீட்டில் சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசும்.

நான் லிஃப்ட் ஓட்டியவன். ஆயுசு முழுக்க ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். என்னிடம் மாடி எண்ணைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று, மனைவியும் போனபிறகு, அதைச் சொல்லவும் ஆளில்லை.

முதல் பெட்டியின் வாசலைத் தெரியாமல்தான் பெரிதாக அறுத்துவிட்டேன். டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏண்ணே, இது குருவிக்கா, கோழிக்கா?" என்றார். சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. டீ போட்டுக் கொடுத்தேன். வெயில் தாழும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த பெட்டியைத் தெரிந்தே மேற்கு பார்த்து மாட்டினேன். திருத்த வந்தார். பிறகு வார்னிஷ் பூசினேன். "உங்க மண்டையில எதுவுமே ஏறாதாண்ணே?" என்று திட்டிக்கொண்டே ஏணியில் ஏறுவார். நான் கீழே பிடித்துக்கொள்வேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

என் கெட்ட நேரம், அவர் திருத்தித் திருத்திக் கடைசியில் ஒரு ஜோடி வந்து முட்டையே வைத்துவிட்டது. டீச்சரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "இனிமே நான் வரலண்ணே. ஆள் நடமாட்டம் இருந்தா கூட்டை விட்டுட்டுப் போயிரும்."

நான் வருந்தி அழைத்த விருந்தாளி, எனக்கிருந்த ஒரே விருந்தாளியைத் துரத்திவிட்டது. முட்டைகளை எடுத்து நசுக்கிப் போட்டேன். வாசலை உள்பக்கமாகத் துணி வைத்து அடைத்தேன். குருவியைக் காணோம் என்று போய்ச் சொன்னேன்.

பதறிக்கொண்டு வந்தார். ஏணியில் ஏறி, பெட்டியின் மூடியைத் திறந்து, துணியை உருவினார். என் பழைய காக்கிச் சட்டையின் கிழிசல் அது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"நீங்கதானா?" என்றார். கோபம்கூட இல்லை. "ஏணியைப் பிடிங்க, இறங்குறேன். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பிடித்திருந்தால் இறங்கியிருப்பார். இறங்கியிருந்தால் போயிருப்பார். அதனால் ஏணியை இழுத்தேன்.

கீழே இருந்த சிமென்ட் தொட்டியின் விளிம்பில் தலை பட்டது. மூச்சு இருந்தது. ஒரு குரல் கொடுத்தால் தெருவே ஓடி வந்திருக்கும். வந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் இல்லையா? கேட்டைப் பூட்டினேன். தலைக்கடியில் தலையணை வைத்தேன். டீ போட்டு எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தனியாகத் தவிக்கவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் நான்தான் பேசினேன்.