ஏரியல் கம்பத்தில் மிளகுக் கொடி

மாலை ஆறு இருபதுக்குச் செம்மேட்டு மளிகைக் கடை ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு இரையத் தொடங்கியது. ஏழு மணிக்குப் பர்மாச் செய்தி. ரங்கூனில் குண்டு விழுந்ததாகக் காலையில்தான் கேள்விப்பட்டிருந்தேன். என் மகன் அங்கே இருந்தான். செய்தி கேட்கக் கடைமுன் கூடியிருந்தவர்களின் ஓரமாக நான் நின்றேன்.

“பேட்டரி புதுசுங்களே,” என்றார் கடைக்காரர்.

கொல்லைப்பக்கம் பார்த்துவிட்டு வந்த விவசாயி ஒருவர் சொன்னார்: “ஏனுங்க, உங்க ரேடியோ மேல மொளகு ஏறிப்போச்சுங்க.”

“என்னங்க சொல்றீங்க?”

“ஏரியல் கம்பி கட்டுன கம்பத்துல பக்கத்துத் தோட்டத்துக்காரரு கொடி ஏத்தியிருக்காரு. இப்பக் கம்பியவே சுத்திக்கிச்சுங்க. மழையில எலையெல்லாம் ஈரம்.”

“ஈரக்கொடி கம்பியத் தொட்டா, வர்ற ரேடியோ அலையெல்லாம் மண்ணுக்குப் போயிருமுங்க. வெட்டிப்போடுங்க,” என்றார் கடைக்காரர்.

“அடுத்தவங்க மொளகுல நான் கத்தி வெக்க மாட்டேனுங்க. காய் புடிச்சிருக்குது,” என்றார் விவசாயி.

“மொட்டைக் கம்பம் நட்டா இந்த மலையில யாருங்க சும்மா உடுவாங்க,” என்று ஒருவர் சிரித்தார். ஆளனுப்பிப் பக்கத்துத் தோட்டத்துக்காரரை அழைத்தார்கள்.

ஏழு மணிக்குச் சற்று முன்னால் அவர் வந்து, கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“வெட்டுங்க சாமி. கொடி வேற வெச்சுக்கலாம். இங்க நிக்கறவங்கள்ல யாரு புள்ளை பர்மாவுல இருக்குதோ,” என்றார்.