வரும் வாரத்து நிஃப்டியும் படாளம் துரையும்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்து, இன்று எங்கள் முதலீட்டாளர் மன்றத்துக்குத் தலைமை தாங்கும் திருக்கழுக்குன்றம் சாரங்கபாணி ஐயா அவர்களே! சளைக்காத செயலாளர் வத்சலா அம்மையார் அவர்களே! ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு, இந்த மதுராந்தகம் மண்டபத்துக்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பெரியோர்களே! "பேச்சைக் குறை, டார்கெட்டைச் சொல்" என்று கண்ணாலேயே கட்டளையிடும் இளைஞர்களே! செங்கல்பட்டில் பங்குத் தரகு அலுவலகம் நடத்தும் இந்த எளியவனின் வணக்கம்.

திரையில் தெரிவது, ஐம்பது பெரிய கம்பெனிப் பங்குகளின் போக்கைச் சொல்லும் குறியீடான நிஃப்டியின் வாராந்திர சார்ட். மின்விசிறிக் காற்றில் ஆடுவது திரைதான். சந்தைக்கு இன்று விடுமுறை, யாரும் பதற வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு கேண்டில், மெழுகுவர்த்தி போல. கடைசிக் கேண்டிலைப் பாருங்கள். உடல் சிறுத்திருக்கிறது, உச்சியில் திரி நீண்டிருக்கிறது. என்ன பொருள்? ஏறியது, 25,400-ஐத் தொட்டது, தொட்ட இடத்தில் விற்பவர்கள் காத்திருந்தார்கள், வெள்ளிக்கிழமை முடிவில் 25,100-க்கு இறங்கி நின்றது. ஆக, மேலே தடை 25,400. கீழே? இறங்கும்போதெல்லாம் திரும்பிய இடம் 24,700. இருபது வாரச் சராசரிக் கோடும் அங்கேதான் ஓடுகிறது. தடையைத் தாண்டி வாரம் முடிந்தால் 25,900 வரை வழி இருக்கிறது. 24,700-க்குக் கீழே முடிந்தால் 24,200 வரை பிடிமானம் இல்லை. என் கணிப்பைக் கேட்டால், ஏறும் பக்கமே சாய்கிறது.

கைதட்டுகிறீர்கள். பொறுங்கள், இன்னும் நான் முடிக்கவில்லை!

இதோ, நீலச் சட்டையில் அமர்ந்திருக்கிறாரே படாளம் துரை, நெல்லும் விளைவிப்பார், டிராக்டரும் வாடகைக்கு விடுவார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். மகள் பிரதீபாவின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று நிஃப்டியோடு ஏறி இறங்கும் ஃபண்டில் பணம் போட்டு வைத்தார். 25,000 வந்தால் விற்பேன் என்றார். வந்ததா? வந்தது. விற்றாரா? இல்லை! "அண்ணாத்த, அடுத்த கோடு எங்க கீது?" என்று போன் செய்தார். 25,400 என்றேன். அதுவும் வந்தது. விற்றாரா? "அதுக்கும் மேல இன்னா கோடு?" என்றார்.

ஏறும்போது விற்க மனமில்லை, இறங்கும்போது விற்க மனம் துணியவில்லை. கோடுகளை நான் வரைந்துகொண்டே போகலாம். ஆனால் கட்டணம் கட்டக் கடைசி நாள் வரும் வெள்ளிக்கிழமை. அந்த நாள் இந்தச் சார்ட்டில் எங்கேயாவது தெரிகிறதா?

தாய்மார்கள் வரிசையில் ஒரு கை உயர்கிறது. துரையின் மனைவி கண்ணகி. சொல்லுங்கம்மா... பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், அவர் கேட்டதை அப்படியே சொல்கிறேன்: "ஏறும்னு நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே இந்தாளு விப்பாரா சார்? வெள்ளிக்கெழம கட்டலன்னா காலேஜ் சீட்டு பூடும். நாங்க இன்னா பண்றது?"

நியாயமான கேள்வி. எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஆகவே அழுத்திச் சொல்கிறேன். நாளைக் காலை விற்றுவிடுங்கள்! இருக்கும் விலைக்கே விற்றுவிடுங்கள்! ஏறும் என்று சொன்ன இதே வாய்தான் சொல்கிறது. காத்திருக்க முடிந்த பணத்துக்குத்தான் கணிப்பு. வெள்ளிக்கிழமை தேவைப்படும் பணத்துக்குக் கணிப்பு எதற்கு? நான் சொன்னது தவறினால், அடுத்த ஞாயிறு வேறு கோடு போட்டுக்கொள்வேன். பிரதீபாவுக்கு வேறு சீட்டை யார் தருவது? நான் தருவேனா? இந்த நிஃப்டி தருமா?

துரை எழுந்துவிட்டார். "சரி அண்ணாத்த, காலைல வித்துட்றேன். வித்தப்புறம் ஏறிச்சின்னா?" என்கிறார்.

ஏறட்டும் துரை! தடையை உடைத்துக்கொண்டு ஏறட்டும்! கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் தகப்பனாக நின்று அதை வேடிக்கை பாருங்கள்!

கேட்ட செவிகளுக்கும், நேரம் தந்த தலைவருக்கும், எல்லோருக்காகவும் எழுந்து கேட்ட கண்ணகி அம்மாவுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.